பேட்டில்டெக்கில் ஆயுதம் தேர்வது: எட்டும் தூரமா, குறி தப்பாத அடியா?

நீங்கள் கேட்டது இது: ராட்சதப் போர் ரோபோக்கள் (மெக்) மோதும் பேட்டில்டெக் பலகை ஆட்டத்தில் உங்களிடம் கிரிஃபின், ஆர்ச்சர், ரைஃபிள்மேன், ஆசம் என்று தூரத்திலிருந்து சுடும் நான்கு மெக் இருக்கின்றன. எதிராளி ஒரு ஹன்ச்பேக்கையும் ஒரு ஜென்னரையும் வைத்துக்கொண்டு கிட்ட வந்து அடித்துவிடுகிறார். உங்களுடைய பத்து ஷாட்டில் ஒன்றுதான் படுகிறது. தூரத்தை விட்டுவிட்டு, குறிக்குக் கழிவு தரும் பல்ஸ் லேசருக்கு மாறிவிடலாமா? இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: ஆயுதம் எத்தனை கட்டம் எட்டும் என்பதை வைத்துத் தேர்ந்தெடுப்பது சரியா? சரியில்லை. எந்தத் தூரத்தில் நின்றால் எனக்குப் பகடையில் சிறிய எண் போதும், எதிராளிக்குப் பெரிய எண் வேண்டும் என்று பார்த்துத்தான் ஆயுதத்தையும் நிற்கும் இடத்தையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் மெக்குகளை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து. நான் சொல்வதெல்லாம் அறுகோணக் கட்டப் பலகையில் ஆடும் பழைய பேட்டில்டெக்குக்கு. ஆல்ஃபா ஸ்ட்ரைக் என்ற அதன் எளிய வடிவத்தில் கணக்கு வேறு.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாத கணக்கு. வழக்கமான பைலட்டின் கன்னரி, அதாவது சுடும் திறனைக் காட்டும் எண், 4. சுடுகிறவர் நின்ற இடத்திலேயே இருந்தால் கூட்டல் இல்லை, நடந்தால் 1, ஓடினால் 2, தாவினால் 3. இலக்கு 3 அல்லது 4 கட்டம் நகர்ந்திருந்தால் 1, 5 அல்லது 6 என்றால் 2, 7 முதல் 9 வரை 3, 10 முதல் 17 வரை 4. தாவியிருந்தால் மேலும் 1. தூரத்துக்குக் குறுந்தூரம் என்றால் 0, நடுத்தூரம் 2, நெடுந்தூரம் 4. இலகுவான காட்டுக்கு 1, அடர்ந்த காட்டுக்கு 2. எல்லாம் கூட்டி வரும் எண் அல்லது அதற்கு மேல் இரண்டு பகடையில் விழ வேண்டும். இரண்டு பகடையில் 36 சேர்க்கைகள். 6 வேண்டுமென்றால் அதில் 26 உங்களுக்குச் சாதகம். 7-க்கு 21, 8-க்கு 15, 9-க்கு 10, 10-க்கு 6, 11-க்கு 3, 12-க்கு ஒன்றே ஒன்று. 7-க்கும் 9-க்கும் நடுவே வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு தூரப்படி தள்ளி நின்றதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். பத்தில் ஒன்று படுகிறது என்றால் நீங்கள் பெரும்பாலும் 10, 11 என்ற எண்களுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆயுதத்தில் குறை இல்லை.

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் மூன்று தூர எண்கள் உண்டு. புதிதாக ஆடுகிறவர்கள் கடைசி எண்ணைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதல் எண். பிபிசி என்ற துகள்கற்றைப் பீரங்கிக்கு 6, 12, 18. மீடியம் லேசருக்கு 3, 6, 9. லார்ஜ் லேசருக்கு 5, 10, 15. நீங்கள் நடந்திருக்கிறீர்கள், இலக்கு ஆறு கட்டம் நகர்ந்திருக்கிறது என்று வைப்போம்: 4, 1, 2 சேர்ந்து 7. ஆறு கட்டத் தூரத்தில் பிபிசிக்கு அது குறுந்தூரம், 7 போதும். அதே இடத்தில் மீடியம் லேசருக்கும் லார்ஜ் லேசருக்கும் நடுத்தூரம், 9 வேண்டும். ஆக, பிபிசி 18 கட்டம் எட்டுகிறது என்பதைவிட, 6 கட்டத்தில் மற்றவை நடுத்தூரத்துக்குப் போய்விட்டபோதும் பிபிசி குறுந்தூரத்திலேயே நிற்கிறது என்பதுதான் அதன் பலம். 18-ஆவது கட்டத்தில் இதே சூழலில் 11 வேண்டும், 36-க்கு 3.

எடைக்கு எடை பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிபிசி 7 டன், அடி (பட்டால் விளையும் சேதம்) 10. மீடியம் லேசர் 1 டன், அடி 5. ஏழு மீடியம் லேசரும் ஒரு பிபிசியும் ஒரே எடை. மேலே சொன்ன சூழலில் 6 கட்டத்தில் பிபிசியின் சராசரி அடி 5.8, ஏழு லேசருக்கு 9.7. 7 முதல் 9 கட்டம் வரை பிபிசிக்கு 2.8, ஏழு லேசருக்கு 2.9. 10-ஆவது கட்டத்திலிருந்து லேசருக்குச் சுழியம். ஆனால் அந்த ஏழு லேசர் 21 ஹீட் (வெப்பம்) எழுப்பும், பிபிசி 10. சாதாரண ஹீட் சிங்க் ஒன்றுக்கு 1 டன், அது ஆற்றுவது 1 ஹீட். எழும் ஹீட் முழுவதையும் ஆற்ற வேண்டுமானால் பிபிசியின் உண்மையான எடை 17 டன், மீடியம் லேசருடையது 4 டன். ஏசி-10 என்ற ஆட்டோகேனானைப் பாருங்கள்: 12 டன், 3 ஹீட்டுக்கு 3 சிங்க், இரண்டு டன் குண்டு, ஆக அதுவும் 17. அடியும் அதே 10. பிபிசி ஒரு கட்டம் கூடுதலாகக் குறுந்தூரம் தருகிறது; ஏசி-10-க்குக் குறைந்தபட்சத் தூரம் (அந்த அளவுக்குக் கிட்ட வந்தால் குறி கெடும் எல்லை) கிடையாது, ஆனால் அதன் குண்டு மெக்குக்குள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. இன்ஜினோடு முதல் பத்து சிங்க் இலவசமாக வருவதால், முதல் ஒன்றிரண்டு லேசர் மலிவு, அதற்குமேல் போகப்போக விலை ஏறும்.

அடுத்தது குறைந்தபட்சத் தூரம். ஜென்னர் உங்களைப் படுத்துவதற்கு இதுதான் காரணம். பிபிசிக்கு அது 3. அதாவது 3-ஆவது கட்டத்தில் கூடுதலாக 1, இரண்டாவதில் 2, பக்கத்துக் கட்டத்தில் 3. எல்ஆர்எம் என்ற நெடுந்தூர ஏவுகணைக்குக் குறைந்தபட்சம் 6, ஆகவே பக்கத்தில் வந்து நிற்கும் மெக்கைச் சுட்டால் 6 கூடும். ஜென்னர் 11 கட்டம் நேராக ஓடினால் அதைச் சுட 4 கூடுகிறது. நீங்கள் நடந்திருந்தால் குறுந்தூரத்தில் 9, நடுத்தூரத்தில் 11, நெடுந்தூரத்தில் 13. இரண்டு பகடையில் 13 விழாது. ஓடிவரும் ஜென்னரை 13 கட்டத்துக்கு அப்பாலிருந்து பிபிசியால் சுடுவது ஹீட்டை வீணாக்குவது மட்டுமே. அந்த ஷாட்டை ஹன்ச்பேக்குக்குக் கொடுத்திருந்தால் 36-க்கு 10 என்று ஆகியிருக்கக்கூடிய தருணங்கள் அவற்றில் நிறைய இருந்திருக்கும். யாரைச் சுடுவது என்று தேர்வதும் குறியைக் கூட்டும் வழிதான், அதற்கு எடையும் இல்லை, ஹீட்டும் இல்லை.

கிரிஃபினையும் ஹன்ச்பேக்கையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம். ஹன்ச்பேக்கின் ஏசி-20-க்கும் இரண்டு மீடியம் லேசருக்கும் 3, 6, 9 என்று ஒரே தூரப்படிகள். ஒரு மெக்கின் முக்கிய ஆயுதங்கள் இப்படி ஒரே படியில் இருந்தால் எங்கே நிற்பது என்ற குழப்பமே வராது. அந்த மெக் நன்றாக ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கிரிஃபினுக்கு பிபிசியும் எல்ஆர்எம்-10-உம். கிரிஃபின் 5 கட்டம் நடக்கிறது, ஹன்ச்பேக் 6 கட்டம் ஓடிவருகிறது. 10 கட்டத் தூரத்தில் கிரிஃபினுக்கு 9 வேண்டும், ஹன்ச்பேக்கால் சுடவே முடியாது. 6 கட்டத்தில் கிரிஃபினின் பிபிசிக்கு 7, எல்ஆர்எம்முக்கு 8. ஹன்ச்பேக்குக்கோ கன்னரி 4, ஓட்டத்துக்கு 2, கிரிஃபின் நகர்ந்ததற்கு 2, நடுத்தூரத்துக்கு 2, ஆக 10. 3 கட்டத்தில் பிபிசிக்கு 8, ஹன்ச்பேக்குக்கும் 8. ஆனால் அங்கே உங்கள் 10 அடிக்கு எதிரே அவருடைய 20 நிற்கிறது. ஆக கிரிஃபினின் இடம் 6. 15-இல் நின்று பாதுகாப்பாக 11-க்குச் சுடுவதால் ஹன்ச்பேக் முழு உடம்போடு வந்து சேரும். 3-இல் சிக்கினால் ஒரு பகடையில் கை போகலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு: பின்னோக்கி ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். 5 கட்டம் பின்வாங்கினாலும் ஓடிவரும் ஹன்ச்பேக் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டம் நெருங்கும். அதனால் 8, 7, 6 என்று நெருங்கவிட்டு, பிறகு ஒரே தாவலில் பக்கவாட்டில் விலகுங்கள். 5 கட்டம் தாவினால் 5 ஹீட், சுடுவதற்கு 3 கூடும். அந்தச் சுற்றில் எல்ஆர்எம்மை மட்டும் சுட்டு ஹீட்டை ஆற்றிக்கொள்வது நல்லது.

இப்போது பல்ஸ் லேசர். சுடும் எண்ணில் 2 கழியும் என்பது கேட்க மிகப் பெரிதாகத் தெரியும். நடுவில் இருக்கும் எண்களுக்கு அது பெரிதுதான்: 9-ஐ 7 ஆக்கினால் 36-க்கு 10 என்பது 21 ஆகிறது. 12-ஐ 10 ஆக்கினால் 1 என்பது 6 ஆகிறது, அவ்வளவே. 4-ஐ 2 ஆக்கினால் கிடைப்பது 3 சேர்க்கை. ஆனால் இன்னர் ஸ்பியர் (ஆட்டத்தின் கதையில் ஒரு தரப்பு; மற்றது கிளான்) மீடியம் பல்ஸின் தூரம் 2, 4, 6. கழிவையும் சேர்த்துக் கட்டம் கட்டமாக மீடியம் லேசரோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு கட்டத்தில் பல்ஸுக்கு 2 லாபம். 3-ஆவது கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே எண். 4-இல் மறுபடி பல்ஸுக்கு 2 லாபம். 5, 6 இரண்டிலும் சமம். 7 முதல் 9 வரை சாதாரண லேசர் மட்டுமே சுடும். ஆறு கட்டத்தில் மூன்றில்தான் குறி கூடுகிறது. அடி 5-க்குப் பதில் 6, ஹீட் 3-க்குப் பதில் 4, எடை இரு மடங்கு. லார்ஜ் பல்ஸும் அப்படியே: 3, 7, 10 என்பதால் 1 முதல் 3 வரையும் 6, 7 இரண்டிலும் லாபம், 11 முதல் 15 வரை கை எட்டாது. கிட்டப் போய் ஒட்டிக்கொண்டே ஆடும் வேகமான மெக்குக்கு இது பொருந்தும். 3 கட்டம் நடக்கும் ஆசமுக்கு இதைப் பூட்டினால் எதிராளி 11-ஆவது கட்டத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருப்பார். கிளான் லார்ஜ் பல்ஸ் வேறு விஷயம். 6, 14, 20 என்ற தூரத்தோடும் 10 அடியோடும் அதே கழிவு சேர்ந்துவருவதால், குறியைப் பொறுத்தவரை அதற்கு எந்தத் தூரத்திலும் குறை சொல்ல முடியாது. குறிபார்க்க உதவும் டார்கெட்டிங் கம்ப்யூட்டர் 1 கழிக்கும். இன்னர் ஸ்பியரில் நேரடியாகச் சுடும் ஆயுதங்களின் எடையில் நான்கில் ஒரு பங்கு அதற்குப் போகும். காஸ் ரைஃபிள் என்ற காந்தத் துப்பாக்கிக்கு 7, 15, 22, அடி 15, ஹீட் ஒன்றே ஒன்று. ஆனால் ஒரு டன்னுக்கு 8 குண்டுதான், 11-க்குச் சுட்டுத் தீர்க்கக் கூடாது.

சுடும் எண்ணை ஹீட்டும் கெடுக்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். 5 தேங்கினால் நடையில் ஒன்று குறையும். 8 தேங்கினால் அடுத்த சுற்றின் எல்லா ஷாட்டுக்கும் 1 கூடும். 13-இல் 2, 17-இல் 3. ரைஃபிள்மேனிடம் பத்தே சிங்க். நடந்தபடி இரண்டு லார்ஜ் லேசரையும் இரண்டு ஏசி-5-ஐயும் சுட்டால் 19 ஹீட், 9 தேங்கும். நெடுந்தூரத்தில் 11-க்கு எல்லாவற்றையும் சுட்டுவிட்டு, அடுத்த சுற்றில் எதிராளி 5 கட்டத்துக்கு வந்து நிற்கும்போது 7-க்குப் பதில் 8 தேவைப்படுவது இப்படித்தான். ஆசமிடம் 28 சிங்க் உண்டு. நடந்து மூன்று பிபிசியும் சுட்டால் 3 தேங்கும். இரண்டு சுற்று மூன்று மூன்றாகவும் மூன்றாவது சுற்றில் இரண்டாகவும் சுட்டால் மறுபடி சுழியத்துக்கு வந்துவிடும்.

அடி எப்படிப் பிரிகிறது என்பதும் தேர்வில் சேர வேண்டும். மெக்கின் தலையில் கவசம் அதிகபட்சம் 9, உள்கட்டு 3. ஆகவே 12 அல்லது அதற்கு மேல் ஒரே அடியாக விழும் ஏசி-20, காஸ் போன்றவை தலையில் பட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். பிபிசியின் 10 அதற்குப் போதாது. எல்ஆர்எம்-20 பட்டால் சராசரியாகப் பன்னிரண்டு பதின்மூன்று ஏவுகணை, அதுவும் ஐந்தைந்தாக உடம்பெங்கும் பரவும். குறுந்தூர ஏவுகணையான எஸ்ஆர்எம்-6-இல் சராசரி நான்கு, ஒவ்வொன்றும் 2 அடி. இவை கவசத்தைத் துளைக்க உதவாது. ஏற்கெனவே கவசம் கிழிந்த மெக்கில் ஓட்டையைத் தேடிப் போகும். அதனால் பிபிசி முதலில், ஏவுகணை பிறகு என்ற வரிசையில் ஒரே மெக்கை அடியுங்கள். மறைந்திருந்து எல்ஆர்எம் விடுவது சுகமாகத் தெரியும், ஆனால் அதற்கு 1 கூடும், எதிராளியைப் பார்த்துக் குறி சொல்லும் உங்கள் இன்னொரு மெக் நகர்ந்ததற்கான எண்ணும் சேரும், அந்த மெக் தானும் சுட்டால் இன்னும் 1. நின்றிருக்கும் ஆர்ச்சர், ஓடிவரும் ஹன்ச்பேக்கை நடுத்தூரத்தில் நேராகப் பார்த்துச் சுட 8 போதும்; நடந்த கிரிஃபினின் கண் வழியே சுட 10. ஆர்ச்சரைக் காப்பாற்றியே ஆக வேண்டிய சுற்றுகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. மேலே உள்ள சராசரிகள் பல ஆட்டங்களுக்கு உண்மை. ஒரு மாலையில் பத்துப் பன்னிரண்டு சுற்று ஆடும் ஆட்டத்தில் ஒரு 12 எல்லாவற்றையும் புரட்டிவிடும். இரண்டாவது, பலகை. ஒரு பலகை 15-க்கு 17 கட்டம். காடும் குன்றும் நிறைந்திருந்தால் நெடுந்தூரம் என்பது ஏட்டில் மட்டும்தான்: இடையில் இலகுவான காடு மூன்று கட்டம், அல்லது அடர்ந்தது ஒன்றும் இலகுவானது ஒன்றும் வந்தாலே பார்வை மறைந்துவிடும். வெட்டவெளியில் இரண்டு பலகையைச் சேர்த்து ஆடினால் உங்கள் மெக்குகளுக்கு மதிப்பு கூடும். மூன்றாவது, முன்னுரிமைப் பகடை. தோற்றவர் முதலில் நகர்த்த வேண்டும் என்பதால், ஏறக்குறையப் பாதிச் சுற்றுகளில் தூரத்தைத் தீர்மானிப்பது உங்கள் கையில் இருக்காது. மெதுவான மெக்குக்குத் தூரம் எட்டும் ஆயுதம், வேகமானதற்குக் கிட்ட அடிக்கும் ஆயுதம் என்று நான் சொல்வதெல்லாம் இதனால் பொதுவான போக்கு மட்டுமே, சட்டமாகக் கொள்ள வேண்டாம்.

உங்கள் நான்கு மெக்கையும் வைத்து ஆடும் முறை இது. ஆசம் 3 நகர்வுப் புள்ளி நடக்கும். அடர்ந்த காட்டுக் கட்டத்தில் நுழைய 3 புள்ளி வேண்டும். ஆகவே அதை நோக்கி நின்றிருந்தால் ஒரு சுற்றில் உள்ளே போய்விடலாம். பிறகு அங்கேயே நில்லுங்கள். நீங்கள் நிற்கும் கட்டத்தின் காடு உங்கள் ஷாட்டுக்குத் தடையில்லை, எதிராளிக்கு 2 கூடும். நின்றால் எதிராளிக்குச் சுலபமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். 4 கழிவது அணைந்துபோன, அசைய முடியாத மெக்குக்கு மட்டும். சும்மா நிற்பதால் நீங்கள் இழப்பது நகர்வால் கிடைக்கும் ஓரிரு எண்ணைத்தான், காடு அதை ஈடுகட்டிவிடும். ஓடிவரும் ஹன்ச்பேக் 6 கட்டத்தில் இருக்கும்போது அதற்கு 10 வேண்டும், உங்களுக்கு 6. மூன்று பிபிசிக்கும் சேர்த்துச் சராசரி 21-க்கு மேல். ஒரு சுற்றில் 20 வாங்கினால் ஹன்ச்பேக் விழாமலிருக்கப் பகடை போட வேண்டும்.

ஜென்னர் சுற்றிக்கொண்டு ஆசமின் பின்னால் வரும். அதன் 11 புள்ளியும் 11 கட்டம் ஆகாது: ஒவ்வொரு திருப்பத்துக்கும் 1 புள்ளி போகும், கணக்கில் வருவது நகர்ந்த கட்டம் மட்டும். பின்னால் வர இரண்டு மூன்று திருப்பம் தேவைப்பட்டால் 8 அல்லது 9 கட்டம்தான் நகர்ந்திருக்கும், கூட்டல் 4-இலிருந்து 3-க்கு இறங்கும். பின்னால் ஒட்டி நிற்கும் அதை ஆசமால் நன்றாகச் சுட முடியாது. ஆகவே மற்றவற்றை ஆசமிலிருந்து ஐந்தாறு கட்டம் தள்ளி நிறுத்துங்கள். ஆசமின் பின்னால் பக்கத்துக் கட்டத்தில் நிற்கும் ஜென்னர், நடந்த கிரிஃபினுக்குக் குறுந்தூரத்தில் 8. முன்பக்கமாக வந்து பக்கத்துக் கட்டத்தில் நின்றால் ஆசம் உதைக்கலாம்: 80 டன் மெக்கின் உதை 16 அடி, பைலட்டிங் (மெக்கை ஓட்டும் திறன் எண்) 5-இல் 2 கழிந்து, ஜென்னரின் நகர்வு 3 கூடி, 6 போதும். உதை தவறினால் நீங்கள் விழாமலிருக்கப் பகடை போட வேண்டியிருக்கும், அது நினைவிருக்கட்டும். பின்காவலுக்கு ரைஃபிள்மேன். அதன் கைகளைப் பின்பக்கம் புரட்டிச் சுடலாம், லார்ஜ் லேசரும் ஏசி-5-உம் இருப்பது கைகளில்தான். 4, 5 கட்டத்தில் அந்த நான்குக்குமே குறுந்தூரம். நான்கையும் ஒரே சுற்றில் சுடுவது, தேவை 8 அல்லது அதற்குக் கீழே இருக்கும்போது மட்டும். 9 அல்லது அதற்கு மேல் போனால் இரண்டு ஏசி-5 போதும், ஹீட் ஏறாது. இருப்பது ஒரு டன், 20 குண்டு, இரண்டு துப்பாக்கிக்கும் சேர்த்துப் பத்துச் சுற்றுக்கு வரும்.